மாமனாருக்கு ஒரு ஜன்னல்

அந்த வீட்டில் அவளுக்கு 'ஆரம்பம்' என்று பெயர். வைத்தவன் கணவன். கல்யாணமான புதிதில் அவளுடைய பெட்டியைத் திறந்து பார்த்தவன், ஒரு கையோடு நின்றுபோன ஸ்வெட்டர், பாதித் தந்தி போட்ட கிடார், மெழுகு ஒட்டிய மெழுகுவத்தி அச்சு, ஒரே ஒரு தடவை நனைந்த நீச்சல் தொப்பி எல்லாவற்றையும் கட்டில்மேல் வரிசையாக எடுத்து வைத்தான். "இதுல முடிச்சது எது?" என்று கேட்டான். அவள் நன்றாக யோசித்துவிட்டு, "கல்யாணம்," என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவளுக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. ஒன்றைத் தொடங்கும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வருமே, அதற்கு ஈடு உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவள் கட்சி. குறுகுறுப்பு தீர்ந்ததும் அடுத்ததுக்குப் போய்விடுவாள். பழையதைத் தூக்கியும் போட மாட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டு அதனால்தான் எப்போதும் மூடாது.

வேலை மட்டும் மாறவில்லை. சலவைக்கடை ஒன்றில் முன்மேசை. காலையில் அழுக்குத் துணி வாங்கி, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். சாயங்காலம் தேய்த்து மடித்த துணியை ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மதியம் என்று ஒன்று இருக்கிறதே, அப்போது கடை ஈ ஓட்டும். உள்ளே இயந்திரங்கள் கடகடவென்று சுற்றும். முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடுவார். மேசையில் ரசீது போடும் கணினி சும்மா கிடக்கும். அவளுடைய ஆரம்பங்களில் முக்கால்வாசி அந்த மதியங்களில் பிறந்தவை.

மாமனாருடைய கதை வேறு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை யாரிடம் இருக்கிறது என்று காலமெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிப் பழகிய தொண்டை. வீட்டிலும் அவர் பேச மாட்டார், அறிவிப்பார். குளியலறை காலியானால் கூடத்துக்கு வந்து ஒரு அறிவிப்பு. மகன் வேலைக்குக் கிளம்பத் தாமதமானால் காரணத்தோடு ஒரு அறிவிப்பு. சாப்பாடு தயார் என்று அவர் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களும் கை கழுவிவிடுவார்கள் என்று மகன் கேலி செய்வான். மருமகள் புகுந்த வீட்டில் முதலில் பழகிக்கொண்டது அந்தக் குரலைத்தான்.

தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்று மருத்துவமனைக்குப் போனார்கள். கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்ற முடியும் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். குரல் போய்விட்டது.

ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சில் அத்தனை திருத்தமான மனிதருக்குக் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. ஒருநாள் அவர் எழுதிக் காட்டியதை மருமகள் தலையைச் சாய்த்தும் நிமிர்த்தும் படித்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு கூடை வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மாமனார் வெங்காயத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தானே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். 'விளக்கை அணை' என்று எழுதியிருந்தாராம்.

வெங்காயத்துக்குப் பிறகு பலகை மூலைக்குப் போனது. தலையாட்டல் மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நாளில் அதுவும் குறைந்தது. முன்பெல்லாம் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர்களை வார்த்தைக்கு வார்த்தை திருத்தியவர், இப்போது அவர்கள் எதைச் சொன்னாலும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஒரு பெரிய கடிகாரம் நின்றுபோன மாதிரி இருந்தது. சத்தம் போட்டபோது காதில் விழாதது, நின்றதும் விழுந்தது.

மகன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குத்தான் அழைப்பு வரும். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். எழுதினால் வாசிக்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுக் கொடுத்தான். அப்பாவின் பருத்த விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து எழுந்து வந்தது. வந்த சொல்லையும் அந்தக் கைபேசி, தமிழை எங்கோ தூரத்தில் நின்று கேள்விப்பட்டதைப் போல வாசித்தது. மேடை எண்களைக்கூட மணி அடித்த மாதிரி உச்சரித்தவருக்கு இது தாங்குமா? கைபேசியை இழுப்பறையில் குப்புறப் போட்டு, முழங்காலால் தள்ளிச் சாத்தினார்.

அந்த வாரத்தில் ஒரு மதியம், சலவைக்கடைக் கணினியில் அவள் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். களிமண்ணில் பூச்சாடி செய்வது எப்படி என்று. வழியில் ஒரு பாடம் குறுக்கிட்டது. 'உங்கள் கணினியில் நீங்களே ஒரு ஜன்னல் திறக்கலாம்.' கணினியில் எதைத் திறந்தாலும் ஒரு கட்டம் வருகிறதே, மேலே தலைப்போடு, மூலையில் மூடும் குறியோடு, அந்தக் கட்டம். அதை யாரோ எங்கோ செய்கிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். நாமே செய்யலாமா? வயிற்றில் குறுகுறுத்தது. பூச்சாடி அப்படியே நின்றது.

நான்கைந்து வரிதான். ஒரு ஜன்னலை உண்டாக்கு. அதற்குத் தலைப்பு வை. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று சொல். காட்டு. பார்த்துப் பார்த்துத் தட்டி முடித்து இயக்கினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ பளிச்சென்று வந்தது, போய்விட்டது. மறுபடி இயக்கினாள். மறுபடி பளிச். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது, இருந்ததுதான் தெரியவில்லை.

பாடத்தைத் திரும்பப் போட்டபோதுதான் விட்ட வரி அகப்பட்டது. கணினி ஒரு விசித்திரமான வேலைக்காரன். சொன்னதை வரிசையாகச் செய்வான். கடைசி வரி முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஜன்னலைக் காட்டு என்றால் காட்டுவான். காட்டிவிட்டு அங்கேயே நில், யாராவது தொடுகிறார்களா பார், தொட்டால் கவனி, மூடச் சொல்லும்வரை போகாதே என்று தனியாக ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரியைச் சேர்த்தாள். சாம்பல் கட்டம் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

முதலாளியம்மாவை எழுப்பிக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா."

"ஆமாங்கா. ஆனா மூடலாம்." மூடிக் காட்டினாள். "திரும்பத் திறக்கலாம்."

கடையை எதிலாவது கொண்டுபோய் மாட்டிவிடாதே என்று முதலாளியம்மா சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் கணவன் மட்டும் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். நின்று காத்திருக்கும் வரி என்றதும், "எங்க பெட்டி மாதிரி," என்றான். மின்தூக்கியும் அப்படித்தானாம். எந்தத் தளத்தில் யார் பட்டனை அமுக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டு நாளெல்லாம் நிற்குமாம். "அப்போ உன் ஜன்னல்லயும் பட்டன் வைக்கலாமா?" என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டு முடிக்கும்போது இரண்டு பேருமே கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தார்கள்.

பட்டன் வைக்கலாம். என்ன எழுத்து, எந்த இடம், தொட்டால் என்ன செய்ய வேண்டும், மூன்றையும் சொன்னால் போதும் என்றது பாடம். அவள் தன் குரலில் 'தண்ணி வேணும்' என்று பதிந்து, தொட்டால் அது ஒலிக்கட்டும் என்று எழுதினாள். எழுதிய விதத்தில் ஒரு பிசகு. தொட்டால் செய் என்பதற்குப் பதிலாக இப்போதே செய் என்று ஆகிவிட்டது. ஜன்னல் திறந்ததும் யாரும் தொடாமலே அது தண்ணி கேட்டது. முன்மேசையில் நின்றுகொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், தன்னிடம்தான் கேட்கிறாள் போலிருக்கிறது என்று பையிலிருந்த புட்டியை எடுத்து நீட்டினார். அவளும் மரியாதைக்கு வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

கடைக்குப் புதுக் கணினி வந்ததும், விரலால் தொடும் திரை வைத்த பழைய ரசீது இயந்திரத்தை முதலாளியம்மா அவளுக்குக் கொடுத்துவிட்டார். ஓரத்தில் சோப்புக்கறை படிந்த கனத்த உருப்படி. கணவன் அதற்குச் சக்கரம் வைத்த ஒரு மேசை செய்து கொடுத்தான். திரை முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு ஆறு பட்டன்கள். தண்ணி, பசி, மருந்து, வலி, காப்பி, விளக்கு. விளக்கு முக்கியம்.

மாமனார் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி, சூடு பார்ப்பதைப் போலத் தொட்டார். அவருடைய நாற்காலியிலிருந்து மருமகளின் குரல், "காப்பி வேணும்," என்றது. அவர் தோள் குலுங்கியது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை, கண்ணோரத்தில் நீர் முட்டியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. காப்பியோடு வந்தபோது மறுபடி தொட்டார். மறுபடி சிரித்தார். அன்றைக்கு அவர் குடித்த காப்பிக்கு அளவே இல்லை.

சிரிப்பு இரண்டு நாளில் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்க வந்தபோது மாமனார் ஒரு பட்டனைத் தொட்டார். வந்தவர் அவரை விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, "என்னம்மா கூப்பிட்டே?" என்று கேட்டார். மாமனாருடைய முகம் சுருங்கியது. அடுத்த நாள் மேசையை அவரே சுவரோரம் தள்ளி வைத்தார்.

குரலை மாற்றுவோம் என்று மகன் தன் குரலில் பதிந்தான். புகார்ச் சீட்டை வாசித்துக் காட்டிப் பழகியவன், "பசிக்குது" என்பதையும் மூன்றாவது மாடியில் கதவு திறக்கவில்லை என்ற தோரணையில் சொன்னான். மாமனார் தலையை இடமும் வலமும் ஆட்டினார். சலவைக்கடை வண்டியோட்டியிடம் கேட்டுப் பதிந்தார்கள். அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் இருமினார். மறுபடி இடம், வலம். அந்த நேரத்தில் தெருவில் காய்கறி வண்டி வந்தது. தக்காளி என்ற சொல்லை மூன்று தெருவுக்கு இழுத்துச் சொல்லும் காய்கறிக்காரர். மாமனார் எழுந்து போய் வாசலைத் திறந்து, அவரை நோக்கி விரலை நீட்டினார்.

காய்கறிக்காரர் கூடத்தில் பவ்யமாக உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஐயாவுக்காக எதை வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றார். சொன்னார். "வலிக்குது" என்பது அவர் வாயில் "வலிக்குதேஏஏ" என்று தெருமுனைக்கு ஓடியது. விலை கூவாமல் பேசுவது எப்படி என்றே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. மாமனார் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைத் தாழ்த்தினார், உயர்த்தினார், நெஞ்சில் கை வைத்து மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டினார். அரைநாள் தொழில் கெட்டது. அதன் பிறகு வந்த குரல் கனமாக, தெளிவாக, கடைசி எழுத்தில் மட்டும் ஒரு சின்ன இழுப்போடு இருந்தது. அந்த இழுப்பு இருக்கட்டும் என்று மாமனார் கைகாட்டிவிட்டார்.

இனி முடிந்தது என்று நினைத்தாள். அப்போதுதான் அவர் மூலையில் கிடந்த வெள்ளைப் பலகையை எடுத்தார். அவள் படிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு எழுத்தையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

'அப்படியா?'

அழித்துவிட்டு அடுத்தது. 'நான் அப்பவே சொன்னேன்.' அதற்கடுத்தது. 'உனக்கு ஒண்ணும் தெரியாது.' 'அது அப்படி இல்லை.' 'போதும், நிறுத்து.' 'அப்புறம் என்ன ஆச்சு?'

பேனா நகர்வதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணியும் மருந்தும் எழுந்து போய் எடுத்துக்கொள்ள அவருக்குக் கால் இருந்தது. கை இருந்தது. அவருக்கு வேண்டியது குறுக்கே பேசுவது. மறுத்துச் சொல்வது. கதை கேட்பது. இத்தனை நாளும் நோயாளிக்குப் பட்டன் செய்துகொண்டிருந்தோம், மாமனாருக்குச் செய்யவே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

"மாமா," என்றாள். "இதெல்லாம் வச்சா நம்ம வீட்ல சண்டை வரும்."

அவர் பலகையில் எழுதினார். 'வரட்டும்.'

காய்கறிக்காரர் மறுபடி வந்தார். பட்டன்கள் பெருகின. திரை கொள்ளாமல் இரண்டு பக்கமாகப் பிரித்தாள். மூலையில் இருந்த மூடும் குறி ஒரு தொல்லை. விரல் தவறிப் பட்டால் ஜன்னலே மறைந்து, அடியில் சலவைக்கடையின் பழைய ரசீது எட்டிப் பார்க்கும். பேச்சு நடுவில் வாயடைத்துப்போன மாமனார் மேசையைத் தட்டிக் கூப்பிடுவார். மூடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மூட வேண்டும் என்று அதற்கும் ஒரு வரி எழுதினாள். வீடு பழைய மாதிரி கலகலக்கத் தொடங்கியது. செய்தி வாசிப்பவர்கள் மறுபடி திட்டு வாங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்தார். மாமனாருக்கு மூத்த அக்கா. ஊர் உலகத்துக்கெல்லாம் அத்தை. வாயைத் திறந்தால் மூட மாட்டார். பேச்சில் அக்காவை மடக்கக்கூடிய ஒரே ஆள் தம்பிதான். தம்பிக்குக் குரல் போனதிலிருந்து அத்தை வந்து, தானே பேசி, தானே களைத்து, மூக்கைச் சிந்திக்கொண்டு போவார். தம்பிக்குப் பேசும் பெட்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அன்றைக்குப் பார்க்க வந்தார்.

உட்கார்ந்ததும் முழங்கால் சிகிச்சைக் கதை ஆரம்பித்தது. மாமனார் உற்சாகமாக 'அப்படியா?' பட்டனைத் தொட்டார். குரல் வந்தது. அத்தை மகிழ்ந்துபோனார். கதை வேகம் பிடித்தது. மாமனாரும் வேகம் பிடித்தார். அங்கேதான் வந்தது வினை. பழைய இயந்திரம், ஒரு வாக்கியத்தை எடுத்து ஒலிக்கவே திணறும்; அது முடியும்வரை அந்த ஜன்னல் வேறு எதையும் கவனிக்காது. அசையாமல் உறைந்து நிற்கும். ஆனால் தொட்டதையெல்லாம் உள்ளே வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும். மாமனாருக்கு இது எப்படித் தெரியும்? தொட்டார், பேசவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டார். அதையும் இதையும் தொட்டார். கடைசியில் ஒரே பட்டனை டொக்டொக்கென்று குத்தினார்.

அத்தை, மருத்துவர் தன்னிடம் சொன்னதைத் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இனிமேல் பழைய மாதிரி நடக்க முடியாது என்றாராம். அந்த இடத்தில் பெட்டி வாய் திறந்தது. காய்கறிக்காரரின் கணீர்க் குரலில், "நான் அப்பவே சொன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாது. அது அப்படி இல்லை. போதும், நிறுத்து. போதும், நிறுத்து. போதும், நிறுத்து."

வீடு அப்படியே நின்றது. அவள் சமையலறை வாசலில் தட்டோடு நின்றாள். மாமனார் பெட்டியை இரண்டு கையாலும் பொத்தினார். அது அவர் விரலிடுக்கு வழியாக இன்னும் ஒரு தடவை, "போதும், நிறுத்து," என்றது.

அத்தை நிமிர்ந்தார்.

"என்னடா போதும்? நீ எப்ப சொன்னே? மாடிப்படி ஏறாதேன்னு நீயா சொன்னே? உன் பொண்டாட்டி சொன்னா, போய்ச் சேர்ந்த புண்ணியவதி. நீ என்னிக்காவது நல்லது சொல்லியிருக்கியா?"

மாமனார் மெதுவாகக் கையை எடுத்தார். ஒரு பட்டனைத் தேடித் தொட்டார். "அது அப்படி இல்லை."

"எப்படி இல்லை?"

சண்டை பிடித்துக்கொண்டது. தம்பி கையில் இருந்தது பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான். அக்காவுக்கு அது போதும், மிச்சத்தைத் தானே ஊகித்துப் பதில் சொன்னார். சிறு வயதில் உடைந்த பொம்மை வந்தது, யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் நடந்த தகராறு வந்தது. மாமனார் முகம் சிவந்து, மேசையின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே அக்காவைக் கூடத்தின் அந்தக் கோடிவரை துரத்தினார். வெயில் சாய்ந்து சண்டை ஓய்ந்ததும் அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது மருமகளை அருகே இழுத்து, "அவன் தேறிட்டான்டி," என்றார்.

அத்தை மன்னித்துவிட்டார். அவளால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. அடுத்த விருந்தாளி அத்தையாக இருக்க மாட்டாரே. ஜன்னல் உறையக் கூடாது, அதற்கு வழி வேண்டும். பாடங்களில் அந்த இடம் வந்ததும் சொற்கள் தடித்துப்போயின. அவள் எழுதியது ஓடவில்லை. மாற்றி எழுதினால் ஓடி நின்றது. ஒருமுறை இரண்டு வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சந்தைக்கடை மாதிரி கேட்டது. ஆரம்பத்தின் குறுகுறுப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. வழக்கமாக அவள் எழுந்து போகும் இடம் இதுதான். ஒரு மதியம் களிமண் பூச்சாடிப் பாடத்தைத் திறந்தேவிட்டாள். சக்கரத்தில் மண் அழகாகச் சுழன்றது. பார்த்துக்கொண்டே இருந்தவள், மாமனார் இப்போது வீட்டில் அந்தப் பட்டனைக் குத்திக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். நினைத்தபின் மண் சுழல்வதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கணவனிடம் புலம்பினாள். அவன் அவளுடைய வரிகளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அதில் ஒன்றும் தனக்குப் புரியாது என்று ஒப்புக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தது மின்தூக்கிப் பெட்டி ஏறி இறங்குவது.

"எங்க கதையில பட்டன் பெட்டியை இழுக்காது," என்றான். "இழுக்கிறது மேல இருக்கிற மோட்டார். பட்டன், ஆள் வந்திருக்குன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடும். உன் பட்டன் தானே போய் இழுத்துட்டு இருக்கு போல."

அதேதான். பட்டனே நின்று வாக்கியத்தைப் பேசி முடித்துக்கொண்டிருந்தது. பேசுகிற வேலையைப் பக்கத்தில் வேறொரு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, ஜன்னல் தன் பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பாடத்தில் அந்தத் தடித்த சொற்கள் சொன்னதும் இதைத்தான் என்று இப்போது படித்தபோது தெரிந்தது. எழுதினாள், கெட்டது, எழுதினாள். கடைசியில் ஒருநாள் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பட்டன் அவள் விரலுக்கு அமுங்கி எழுந்தது. புதிய வாக்கியத்தைத் தொட்டால் பழையது அங்கேயே அடங்கியது. முதலாளியம்மாவை எழுப்பவில்லை. தனியாக உட்கார்ந்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். வயிற்றில் ஏதோ செய்தது. குறுகுறுப்பு இல்லை, அதைவிட மெதுவானது, நெடுநேரம் இருந்தது.

மாமனார் அதைச் சோதித்த விதம் தனி. ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு, நடுவில் இன்னொன்றால் வெட்டினார். அதையும் வெட்டினார். தன் பேச்சைத் தானே குறுக்கிடும் சுகத்தை அவர் கண்டுகொண்டார். அடுத்த மருத்துவமனைப் பரிசோதனைக்கு மேசையோடுதான் வருவேன் என்று அடம்பிடித்தார். மகன் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினான். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் மாமனார் முதல் வேலையாக, "உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இதைச் செய்தது யார் என்று கேட்டு, கூட வந்த மருமகள் பக்கம் திரும்பினாள். இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் குரல் போய்விட்டது, போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டாள்.

அந்த இன்னொருவருடையது பெண்களுக்கு முடி திருத்தும் கடை. உள்ளே ஈர முடியும் வாசனை எண்ணெயும் மணத்தன. கடைக்கார அம்மா கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கத்தரிக்கோலோடு நின்றார். கை வேலை செய்தது. வாய் மட்டும் மூடியிருந்தது. நாற்காலியில் தலையைக் கொடுத்திருந்த பெண்ணும் பேசாமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இரவல் வாங்கிய மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வெறும் ஜன்னலைத் திறந்தாள். சாம்பல் நிறம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. "இங்க வர்றவங்ககிட்ட நீங்க வழக்கமா என்ன பேசுவீங்கக்கா?" என்று கேட்டாள்.

கடைக்கார அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்தார். அழகான, வட்டமான எழுத்து. 'தலையை ஆட்டாதே.' கொஞ்சம் யோசித்தார். 'இந்த நீளம் உனக்குப் பொருந்தாது.' இன்னும் யோசித்து, ஓரக்கண்ணால் வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டே, 'அவனை விட்டுத் தள்ளு' என்று எழுதினார்.

நாற்காலியில் இருந்த பெண் ஈரத் தலையைத் திருப்பி அதை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொண்ணு விட்டுட்டீங்க," என்றாள். "'மாமியார் என்ன சொன்னா?'ன்னு எப்பவும் கேப்பீங்களே. அதைக் கேக்கத்தானே நான் வர்றேன்."

கடைக்கார அம்மா அதைத் தாளில் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் எழுதினார்.